எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு

“…டப்பு வந்துச்சா வரலியா, அது அப்பால. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு? அத்த சொல்லு மொதல்ல. நல்லாதான பேசிகினு இருந்துச்சு? யாரு அத்த வூட்டுக்கு அனுப்புனது?”

கேட்டவள் பாக்கியம். கோவளம் பேருந்து நிறுத்தத்திலிருந்து கடலுக்கு இறங்கும் பாதையில் மீன் விற்பவள். அவள் ‘டப்பு’ என்றது பணத்தை, ‘பொண்ணு’ என்றது ஒரு குரலை. கடைகளில் பணம் வந்ததும் இத்தனை ரூபாய் வந்தது என்று அறிவிக்கும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதற்குள்ளிருந்து பேசும் குரலை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. செயலியை எப்படி இறக்குவது, பெட்டியை எப்படி இணைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் இருந்த நாட்களிலேயே அவை நான்கு முறை மாறிவிட்டன. மாறாமல் என்னிடம் இருப்பது ஒரு நோட்டு. முன்பக்கத்தில் கம்பெனி வேலையைக் குறித்துக்கொள்வேன். பின்பக்கத்திலிருந்து, கடைக்காரர்கள் போகிற போக்கில் சொன்னதை எழுதி வந்தேன். ஒரு நாள் பார்த்தால் பின்பக்கம் நடந்து வந்து முன்பக்கத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. பாக்கியத்தின் கேள்வி அந்த நோட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தேன்.

என் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. செங்கல்பட்டில் வீடு. அஞ்சலகச் சேமிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவராக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் இந்தப் பணப் பரிமாற்றக் கம்பெனியில் களப்பணிக்கு வந்தேன். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் கடைகள் என் பொறுப்பு. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் கொளவாய் ஏரிமேல் கிடக்கும் பனியோடு கிளம்பி, கடற்கரையில் போய் வெயிலாக மாறுவேன். கடைக்குக் கடை க்யூஆர் பலகை ஒன்று ஒட்டுவேன், ஒரு பெட்டி வைப்பேன். என் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் பொட்டிக்காரம்மா.

அப்போது நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு வசனம் உண்டு. “இது நம்ம கம்பெனி. நம்ம நாட்டுக் கம்பெனி. வெளிநாட்டுக்காரன் கம்பெனின்னா அவன் எப்ப வேணும்னாலும் மூட்டை கட்டிகிட்டுப் போயிடுவான். நாங்க எங்க போகப் போறோம்?” இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். தலையாட்டியவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலையாட்டாத முதல் ஆள் மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடை வைத்திருந்த நாகராஜ். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவருக்கு நிறைய. அவர்கள் வெளிநாட்டு இணையச் சேவை ஒன்றின் வழியாகத்தான் பணம் அனுப்புவார்கள். அதோடு உள்ளூர் வியாபாரத்துக்கும் வெளிநாட்டுக்காரர்களின் செயலியையே வைத்திருந்தார். நான் என் வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். உளியைக் கீழே வைக்கவில்லை.

“யம்மா, தப்பா நெனச்சுக்காத. நம்ம கம்பெனின்னு சொல்ற பாத்தியா, அதான் பேஜாரு. எனக்கு எவ்ளோ வருதுன்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா உன் வண்டிக்குத் தெரியும். வண்டி டீக்கடையில நிக்கும். சாயங்காலம் என் வூட்டு வாசல்ல மச்சான் வந்து நிப்பான், கைமாத்து குடுன்னு. வெள்ளக்காரன் கம்பெனிக்கு நான் வெறும் நம்பரு. நம்பருக்கு மச்சான் கெடையாது.”

சிரித்துவிட்டு வந்தேன். நோட்டில் எழுதும்போது சிரிப்பு வரவில்லை. தூரத்தில் இருக்கிறவனை நம்புவதற்கு, அவன் தூரத்தில் இருப்பதே காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவர் நாட்டுப்பற்று இல்லாதவரும் இல்லை, ஏமாளியும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு திரை. அது நம்மிடம் இல்லை.

அடுத்த ஆண்டு அதே நாகராஜின் பணத்தை அந்த வெளிநாட்டுச் சேவை ஏதோ சரிபார்ப்பு என்று நிறுத்தி வைத்தது. நான் போனபோது கடைவாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “நாப்பது நாளா ஒரு மிசினு எனக்கு மெயில் போட்டுகினு கீதும்மா. பொறுத்ததுக்கு நன்றி, பொறுத்ததுக்கு நன்றின்னு. நான் எங்க பொறுத்தேன்? யார்கிட்டயாவது கத்தலாம்னா ஒரு ஆள் இல்ல. கல்லப் பாத்துக் கத்திகினு கீறேன்.” இப்போதாவது நம் பக்கம் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. பணம் விடுபட்டதும் அங்கேயே இருந்துவிட்டார். மச்சான் உயிரோடு இருக்கிறானே.

பாக்கியம் இதற்கு நேர் எதிர். முதன்முதலில் பெட்டி வைக்கப் போனபோது என் வசனத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“நம்ம நாடு அடுத்த நாடெல்லாம் எனக்கு எதுக்கு? இது தப்பா பேசுச்சுன்னா நான் யார திட்டறது? அத்த சொல்லு.”

“என்னைத்தான்.”

“நீ வருவியா?”

“வருவேன்.”

“வாரத்துக்கு எத்தினி தபா?”

“செவ்வாய், வெள்ளி. கூப்பிட்டா மத்த நாளும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, வை. சண்ட போட ஒரு மூஞ்சி கீதுன்னு தெரிஞ்சா போதும்.”

அந்தப் பெட்டியை அவள் கவிழ்த்த அலுமினியக் கூடைமேல், வெற்றிலைப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பாக்கியத்துக்கு எழுத்து தெரியாது. கையில் இருப்பது பொத்தான் போன். வங்கிச் செய்தியெல்லாம் மகளின் போனுக்குப் போகும். மகள் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆக, பணம் வந்ததா என்பதற்குப் பகல் முழுக்க பாக்கியத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குரல். ‘இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று அது சொன்னால் மீன் பைக்குள் போகும். சொல்லாவிட்டால் போகாது. குரலுக்கு அவளே செல்வி என்று பெயர் வைத்தாள். வரிசையில் இருந்த மற்ற பெண்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். “செல்வி சொல்லட்டும், இரு” என்பார்கள் அவசரப்படுகிறவர்களிடம்.

இப்படியே இரண்டு ஆண்டு போனது. பிறகு ஒருவன் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே இரண்டு பெரிய வஞ்சிரம் எடுத்தான். பலகையைப் படம் பிடிப்பதுபோல் போனை நீட்டினான். குரல் தொகையைச் சொன்னது. பாக்கியம் மீனைக் கொடுத்தாள். சாயங்காலம் மகள் வந்து பார்த்தால் பணம் வரவில்லை. குரல் பெட்டியிலிருந்து வரவே இல்லை, அவன் போனிலிருந்து வந்திருக்கிறது. அதற்கென்றே போலிச் செயலி வைத்திருக்கிறார்கள்.

பாக்கியம் பெட்டியை அணைத்துவிட்டாள். மற்ற பெண்களும் அணைத்தார்கள். நான் போய் நின்றபோது அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. “என் காதே என்ன ஏமாத்திடுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

அன்று நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். மேலே சாலையோரம் பஜ்ஜிக் கடைகள், பழக் கடைகள், ஐஸ் வண்டிகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லாக் கடையிலும் என் பெட்டிகள். செல்வி ஒரே நேரத்தில் முப்பது இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது ரூபாய். நூற்று இருபது ரூபாய். அறுபது ரூபாய். அலை வரும்போது குரல் அமுங்கும், அலை திரும்பும்போது மேலே வரும். கடல் ஒரு கை, கரை ஒரு கை என்று யாரோ எண்களைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இவள் யார், எந்த ஊர், எந்த அறையில் உட்கார்ந்து இத்தனை எண்களையும் சொல்லி முடித்தாள், சொல்லி முடித்தபோது தாகமெடுத்திருக்குமா என்றெல்லாம் நினைப்பு போனது. அப்போதுதான் அது காதில் விழுந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் செல்வி ஒரு சின்ன மூச்சு இழுத்தாள். பதிவு செய்தவர்கள் வெட்ட மறந்த மூச்சு. மெல்லிய துணியை உதறுகிற சத்தம்போல.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேலி செய்யாதீர்கள், அந்த நேரம் அப்படி.

அந்தப் போலிச் செயலியின் குரல் கேட்ட ஒரு பழக்கடைக்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். அவர் தன் போனில் அதைப் பதிந்தே வைத்திருந்தார். அதில் மூச்சு இல்லை. மறுநாள் காலை பாக்கியத்தின் பக்கத்தில் குந்திப் பெட்டியைப் போட்டுக் காட்டினேன். “எண்ணுக்கு முன்னால அவ மூச்சு விடுவா. கேக்குதா? அந்த மூச்சு இருந்தா நம்ம பொண்ணு. இல்லன்னா எவன் சொன்னாலும் மீனைக் குடுக்காத.”

பாக்கியம் காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்ததை என்னால் எழுத முடியவில்லை. “ஏ, மூச்சு வுடுறாடி” என்று அடுத்தவளைக் கூப்பிட்டாள். ஒரு வாரத்தில் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எல்லா மீன்காரிகளும் மூச்சு கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

என் மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்தாறு வயது, என் மகனைவிடச் சின்னவள். பெயர் சொல்வதை விரும்ப மாட்டாள். வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவளிடம் கற்றது. அவள் மேலதிகாரியாக வந்த புதிதில் ஒரு டீக்கடைக்காரருக்கு வராத நூறு ரூபாயை என் பர்ஸிலிருந்து கொடுத்துவிட்டு வந்தேன். “அம்மா, ஒரு தடவ கையில இருந்து குடுத்துட்டீங்கன்னா அப்புறம் நீங்கதான் அவருக்குப் பொட்டி” என்று சொன்னவள் அவள்தான். மூச்சு விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். “அது நம்ம மூச்சாம்மா?” எனக்குப் புரியவில்லை. நம்ம பெட்டி, நம்ம மூச்சு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாக்கியத்தின் போனிலிருந்து அழைப்பு. பேசியது அவள் இல்லை. “பொட்டிக்காரம்மா, சீக்கிரம் வாங்க. என் வண்டிச் சாவிய புடுங்கி வச்சிகினு கீறாங்க.”

பேசியவர் சதீஷ். கடற்கரை ஓரத்தில் ஒரு தங்கும் விடுதியில் சமையல்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு ஆண்டாக பாக்கியத்திடம்தான் மீன் வாங்குகிறார். நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பாக்கியம் சாவியை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி கூடைக்கு அடியில் கிடந்தது.

“மீன பையில வாங்கிகினு பணம் போட்டேன். பொட்டியும் சொல்லிச்சு. இல்லன்றாங்க” என்றார் சதீஷ். “ரெண்டு வருசமா வாங்குறேன்க்கா உன்கிட்ட. என்ன போயி திருடன்ற.”

“நான் எங்க திருடன்னேன்? பேசுனது நம்ம பொண்ணு இல்ல. மூச்சு வுடல. வேற எவளோ.”

கூடையைத் தூக்கினேன். அடுத்த கடைக்கு யாரோ பணம் போட, அங்கிருந்து குரல் வந்தது. தெளிவான குரல், அழகான குரல். ஆனால் செல்வி இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக எல்லாப் பெட்டியிலும் குரலை மாற்றிவிட்டார்கள். மனுஷக் குரல் இல்லை, கணினியே உண்டாக்கிய குரல். அதற்கு மூச்சு எதற்கு?

என் போனில் அவள் கடைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். சதீஷின் பணம் வந்திருந்தது. காட்டினேன். பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உன் போன்ல கீறது எனக்குப் படிக்கத் தெரியுமா? நீதான சொன்ன, மூச்சு இல்லன்னா எவன் சொன்னாலும் குடுக்காதன்னு? ‘எவன்’ல நீயும்தான் வருவ.”

நான் கற்றுக்கொடுத்ததை அவள் அப்படியே செய்திருக்கிறாள். வரிசையில் இருந்த மற்ற பெண்களும் விற்பனையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். ஐஸ் உருகிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் பன்னிரண்டு மணிக்குமேல் நிற்காது. வாங்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் காசில்லாமல் போனோடு நின்றார்கள். அன்றைய மீன் போனால் போகட்டும் என்றுகூட விடலாம். அந்தக் காதை மறுபடி ஒருமுறை அவளால் நம்ப முடியாமல் போனால் அவளுக்குக் கடையே இல்லை.

போதாததற்கு அந்த நேரம் பார்த்து இன்னொரு கம்பெனியின் பையன் பெட்டியோடு வந்து நின்றான். வெளிநாட்டுக் கம்பெனி. பெட்டி தங்க நிறத்தில் பளபளத்தது. பையனுக்கு ஊர் திருக்கழுக்குன்றம். அவன் அத்தை அதே வரிசையில் நெத்திலி விற்கிறாள்.

“யக்கா, எங்க பொட்டி வையுங்க. உலகம் பூரா இதான். குரலெல்லாம் மாத்த மாட்டாங்க. ஒரு வருசம் வாடகை கெடையாது.”

“தப்பா பேசுச்சுன்னா நான் யார திட்டறது?” பாக்கியம் என்னிடம் கேட்டதையே கேட்டாள்.

“நம்பர் கீதுக்கா. கூப்புட்டா எடுப்பாங்க.”

“எங்கேந்து எடுப்பாங்க?”

“அது… தெரியாதுக்கா.”

“நான் திட்டறது அவங்களுக்குப் புரியுமா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டான். நல்ல பிள்ளை.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை. என் மேலதிகாரி மட்டும் எடுத்தாள். “எனக்கே இப்பதான் தெரியும்மா. நாடு முழுக்க மாத்தியிருக்காங்க. பழைய குரல் இனிமே வராது. புது முதலீட்டுக்காரங்க வந்ததுலேந்து இப்படித்தான், சொல்லாமலே செய்யறாங்க.” யார் அந்த முதலீட்டுக்காரர்கள் என்று கேட்டேன். ஒரு வெளிநாட்டின் பெயரைச் சொன்னாள். சாலையில் ஒரு பேருந்து போனது.

பன்னிரண்டு ஆண்டு நான் சொன்ன வசனம் அந்தப் பேருந்தின் புகையோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்ம கம்பெனி, நம்ம பொண்ணு. வெளிநாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் பக்கத்து ஊர்ப் பையன். நம்ம பெட்டிக்குள் குரலை மாற்றியவர்கள் யாரென்று எனக்கே தெரியாது.

திரும்பி வந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு எதிரே மூன்று வழிகள் இருந்தன. புதுக் குரலும் நம்ம பொண்ணுதான், ஜலதோஷம் என்று ஒரு பொய் சொல்லலாம். பாக்கியம் நம்பியிருப்பாள் என்றுகூட நினைக்கிறேன். சதீஷ் வாங்கிய மீனுக்கு என் பர்ஸிலிருந்து கொடுத்து வாயை மூடலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. அந்தப் பையன் முன்னாலேயே மூன்றாவதைச் சொன்னேன்.

“பாக்கியம், கம்பெனி குரலை மாத்திடுச்சு. எனக்குச் சொல்லல. சதீஷ் பணம் போட்டது நிஜம். மூச்சைப் புடிச்சுக்கோன்னு நான் சொன்னதுதான் தப்பு. அந்த மூச்சு என்னோடது இல்ல, உனக்கு வாக்குக் குடுக்கறதுக்கு.”

நான் அவள் பக்கத்தில் ஐஸ் தண்ணீரிலேயே உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். “பெட்டி வேணாம். நான் சொல்றேன். நான் சொன்னா குடுப்பியா?”

“நீ தப்பா சொன்னா உன்ன திட்டலாம்” என்றாள். “சொல்லு.”

வாங்க நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பணம் போட்டார்கள். என் போனில் தெரிந்ததும் நான் சத்தமாகச் சொன்னேன். முந்நூற்று எண்பது ரூபாய். நூற்றைம்பது ரூபாய். பக்கத்துக் கடைப் பெண்களும், “எனக்கும் சொல்லு, பொட்டிக்காரம்மா” என்றார்கள். ஆறு கடைக்குச் சொன்னேன். தொண்டை வறண்டது. வெயில் ஏறி, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு அழிந்துபோனது. படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. என் குரல் என்னுடையதாகவே இல்லாமல் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் என் காதிலேயே விழுந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் நான் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன். செல்வியும் இப்படித்தான் களைத்திருப்பாள்.

சதீஷ் போகவில்லை. சாவி கிடைக்காததால் என்று இல்லை, கேட்டிருந்தால் அந்நேரம் கொடுத்திருப்பாள். படகு நிழலில் மீன் பையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் திருடன் இல்லை என்று அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. பையனும் தங்கப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

பதினொரு மணிக்கு மீன் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அப்போதுதான் பாக்கியம் முதலில் நான் எழுதியிருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சதீஷ் பணம் நிஜந்தான், நாளைக்குக் கம்பெனியிலிருந்து எழுதியே வாங்கித் தருகிறேன் என்று நான் மறுபடி ஆரம்பித்திருந்தேன். பாதியில் வெட்டினாள். டப்பு அப்பால, அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு. காலையிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்தது அதுதான் என்பது அப்போது விளங்கியது. ரெண்டு ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசியவளை யாரோ ஒரே ராத்திரியில் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

“தெரியாது, பாக்கியம்” என்றேன். “அவ யாருன்னே எனக்குத் தெரியாது. ஒரு நாளும் பாத்ததில்ல. ஆபீஸ்ல முன்னாடியே கேட்டிருக்கேன், அங்கயும் யாருக்கும் தெரியல.”

“பாத்ததே இல்லியா?”

“இல்ல.”

“நம்ம பொண்ணு, நம்ம பொண்ணுன்னு சொல்லிகினு திரிஞ்ச?”

“ஆமா.”

நோட்டில் அந்த இரண்டு வரியை நான் நிரப்பவில்லை. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்பார்கள். கம்பெனி யாருடையது, பணம் எந்த நாட்டில் போய் உட்காருகிறது, இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு ‘நம்ம’ என்று பெயர் வைத்து விற்காதீர்கள். நான் விற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது என் மடிக்கே திரும்பி வந்தது.

பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. என்னிடம் மீதி என்ன இருக்கிறது என்று எடை போடுகிற பார்வை. பிறகு கையை வாளித் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்தாள். கூடையைத் தூக்கிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நைனா சதீசு, ஒரு ரூவா போடு.”

அவர் போட்டார். ஒரு ரூபாய் பெறப்பட்டது என்றது பெட்டி. பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னொண்ணு.”

ஒரு ரூபாய் பெறப்பட்டது.

“ஏ தங்கப் பொட்டி, நீயும் போடு. உன் கம்பெனி போன்லேந்து இதுக்கு வருமா?”

“வரும்க்கா” என்று பையன் போட்டான். வந்தது. நானும் போட்டேன். பஜ்ஜிக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். ஒவ்வொரு ரூபாய்க்கும் தலை கொஞ்சம் சாய்ந்தது, உதடு கூடவே அசைந்தது. கடல் காற்று அவள் நரைமுடியைக் கண்மேல் போட்டது. தள்ளவில்லை. எத்தனை ரூபாய் விழுந்தது என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் கண்ணைத் திறந்து, சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்துச் சதீஷின் கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள். “கோச்சுக்காத. நீ போட்டதுதான். பொட்டியில கீற இவதான் சொன்னா காலைல.”

பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏ, இவ மூச்சு வுட மாட்டா! முடிக்கிறப்ப கொஞ்சம் இழுக்கறா, குட்டி ஆடு மாதிரி. கேட்டு வச்சுக்கங்க. மறுபடி மாத்துனாங்கன்னா மறுபடி கேட்டுக்கலாம்.”

சொல்லிவிட்டு, பெட்டியைப் பக்கத்தில் இருந்தவளின் மடிக்கு நகர்த்தினாள்.